ஒரு நாய்க்கு எத்தனை முயல்?

நாய் என்ன சாப்பிடும் என்ற கேள்வியை எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் மிஞ்சியதைச் சாப்பிடும். பழைய சோறு, கருவாட்டுத் தலை, கோழி அறுத்த நாளில் குடல். ஆண்கள் பன்றி வேட்டைக்குப் போனால், காட்டிலேயே வயிற்றைக் கீறி, மனுசப் பங்கு பிரிப்பதற்கு முன்னால் நாய்ப் பங்கைப் போட்டுவிடுவார்கள் என்று மாமா சொல்வார். பச்சையாகத்தான். அதற்கு ஒரு பெயர் வைக்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அதற்குப் பெயர் இருக்கிறது. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். உங்கள் நாய்க்கு ஓர் எலும்பு கொடுங்கள் என்பதுதான் தலைப்பு. பச்சை இறைச்சி, பச்சை எலும்பு, உள்ளுறுப்பு, கொஞ்சம் காய்கறி. இந்த முறையை 'பார்ஃப்' என்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவில் மெலமின் கலந்த கோதுமைப் புரதம் செல்லப்பிராணி உணவுக்குள் போய், நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பாக்கெட்டை நம்பாதவர்களுக்கு அது ஒரு வலுவான காரணமாகிப்போனது. இன்று ஜொகூர் பாருவில் நாய்க்கென்றே உறைய வைத்த பச்சை இறைச்சி வாங்கலாம்.

என் மாமா பில்லிங்ஹர்ஸ்டைக் கேள்விப்பட்டவர் இல்லை. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். லாயாங்-லாயாங் பக்கம் அரை ஏக்கர் நிலம், ஒரு பலகை வீடு, டைகர் என்று ஒரு நாட்டு நாய். அவரை இந்த விஷயத்துக்குள் தள்ளியது கோழி விலை. 2022-இல் தட்டுப்பாடு வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கோழிச் சோற்றுக் கடைக்காரர்களின் கவலை உலகச் செய்தியானது. இந்தப் பக்கம் ஜூலையில் கோழியின் உச்சவரம்பு விலை கிலோ 9 வெள்ளி 40 காசு ஆனது. மாமாவுக்கு அதுவரை பாசாரில் சும்மா கிடைத்த கழுத்தும் எலும்புக்கூடும் விலைக்கு வந்துவிட்டன.

அவர் வீட்டுக்குப் பின்னால் முயல்கள் இருந்தன. அக்கா மகள் ஆசைப்பட்டாள் என்று பாசார் மாலாமில் வாங்கிய இரண்டு, பதினான்காகியிருந்தன.

"கோழிக்காரன் எலும்புக்கே வெல கேக்குறான். இங்க பின்னாடி அர்னாப் நெறைஞ்சு கெடக்கு. நீ இஞ்சினியர்தானே, கணக்குப் போட்டுச் சொல்லு. டைகருக்கு முழுசா இதையே போட முடியுமா?"

நான் பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன். எவ்வளவு உள்ளே போகுது, எவ்வளவு வெளியே வருது, எங்கே தேங்குது. வேலை அவ்வளவுதான். மாமாவின் கேள்வியை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

டைகரின் எடை 15 கிலோ. ஓரளவு ஓடியாடும் அந்த எடை நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கலோரி வேண்டும். முயல் கறி 100 கிராமில் சுமார் 136 கலோரி, 20 கிராம் புரதம், ஐந்தரை கிராம் கொழுப்பு. இரண்டு கிலோ முயலில் தோலும் வயிற்றில் இருக்கும் புல்லும் போக, தலை, எலும்பு, ஈரல் எல்லாம் சேர்த்து 1.4 கிலோ தேறும் என்று வைத்துக்கொண்டேன். அது டைகருக்கு இரண்டு நாள். இழுத்துப் பிடித்தால் இரண்டரை நாள். அப்படியென்றால் ஒரு நாய்க்கு ஆண்டுக்குக் குறைந்தது 150 முயல்.

முயல் 31 நாளில் குட்டி போடும். ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஐந்து ஈற்று, ஒவ்வொன்றிலும் ஆறு பிழைத்தால் 30 குட்டிகள். ஐந்து தாய், ஒரு ஆண் போதும். இதுவரை சொன்னதும் மாமா முகம் மலர்ந்துவிட்டது.

தீனிக் கணக்குதான் உதைத்தது. 150 முயல் என்றால் 300 கிலோ உயிர் எடை. தாய்களின் தீனியையும் சேர்த்தால், ஒரு கிலோ எடை ஏற நாலு கிலோ குச்சித் தீவனம் ஆகிவிடும். மொத்தம் 1,200 கிலோ. டைகர் அதே 900 கலோரியைப் பாக்கெட் தீனியிலிருந்து எடுத்தால் நாளுக்கு 250 கிராம், ஆண்டுக்கு 90 கிலோ சொச்சம். 90 கிலோ மூட்டை வாங்காமலிருக்க 1,200 கிலோ மூட்டை வாங்கணும்.

"நான் ஏன்டா தீவனம் வாங்கணும்? புல்லு இருக்கே" என்றார் மாமா. நியாயமான கேள்வி. நேப்பியர் புல் இருக்கிறது, வள்ளிக்கிழங்குக் கொடி இருக்கிறது. ஆனால் வெறும் புல்லில் வளரும் முயல் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வராது. ஐந்து மாதமாவது ஆகும். எங்கள் தொழிலில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. மாதத்துக்கு எத்தனை வெளியே போகிறதோ, அதை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் மாதங்களால் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே எத்தனை இருக்கும் என்று தெரியும். மாதம் பன்னிரண்டரை முயல், ஐந்து மாதம்: கூண்டில் எப்போதும் அறுபதுக்கு மேல். அறுபது முயலுக்கு அறுபத்து மூன்று வயதில் தினமும் புல் அறுக்கணும்.

கணக்கைப் பார்த்து மாமா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முயல் என்று முடிவானது. ஆண்டுக்கு 26. ஒரு தாய் போதும். மற்ற நாளெல்லாம் சோறு, மீன், கொஞ்சம் பாக்கெட்.

சோற்றைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. பச்சை இறைச்சிக்காரர்கள் அடிக்கடி சொல்வது, நாய் ஓநாயின் வாரிசு என்பது. 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயில் பல மடங்கு அதிகம். மனிதன் பயிர் செய்து சாப்பிடத் தொடங்கியபோது, அவன் காலடியில் கிடந்த நாயின் உடம்பும் மாறியிருக்கிறது. லயத்து வாசலில் பழைய சோறு தின்று வளர்ந்த நாய்கள் ஒன்றும் ஏமாற்றப்பட்ட ஓநாய்கள் இல்லை.

கறி மட்டும் போட்டால் நாய் பலமாகும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 100 கிராம் முயல் கறியில் சுண்ணாம்புச்சத்து 13 மில்லிகிராம், பாஸ்பரஸ் 213. நாய்க்கு இரண்டும் ஏறக்குறைய சம அளவில், சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். எலும்பில்லாத கறியையே மாதக்கணக்கில் தின்னும் குட்டி, தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கால் வளையும், எலும்பு முறியும். அதனால் எலும்போடு கொடுக்கணும். வேக வைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் பச்சையாக. பச்சை எலும்பிலும் பல் உடைந்த நாய்கள் உண்டு.

பூனைகளை வைத்துக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. முழு முயலை அரைத்துப் பச்சையாகக் கொடுத்தார்கள். மலம் கெட்டியானது, ரோமம் பளபளத்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம். பத்து மாதம் போனபோது ஒரு பூனை திடீரென்று செத்தது. டாரின் என்ற சத்து குறைந்து இதயத் தசை தளர்ந்திருந்தது. மற்ற பூனைகள் பலவற்றிலும் அதன் அறிகுறிகள் தெரிந்தன. நாய் பெரும்பாலும் தன் டாரினைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதால் இதை அப்படியே டைகருக்குப் பொருத்த முடியாது. ஆனால் "என் நாய் ரோமத்தைப் பாருங்க, எப்படி மின்னுது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்தது புழு. முயலையும் நாயையும் ஒரே நிலத்தில் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. டீனியா பிசிஃபார்மிஸ் என்று ஒரு நாடாப்புழு. நாயின் குடலில் வாழும். முட்டை நாயின் மலத்தோடு புல்லுக்கு வரும். அந்தப் புல்லை முயல் தின்றால், முட்டை பொரிந்து, ஈரலைத் துளைத்து, வயிற்றுச் சவ்வில் பட்டாணி அளவில் நீர்க்கட்டியாகத் தங்கும். அந்த முயலைப் பச்சையாக நாய் தின்றால் மறுபடியும் குடலில் புழு. அரை ஏக்கருக்குள் ஒரு முழு வட்டம். வேறு யார் உதவியும் அதற்குத் தேவையில்லை.

வட்டத்தை வெட்ட மூன்று இடங்கள். டைகர் போகாத, வேலி போட்ட பாத்தியில்தான் முயலுக்குப் புல். அறுத்ததும் ஈரலையும் சவ்வையும் வெளிச்சத்தில் பார்ப்பது. கோடோ கட்டியோ தெரிந்தால் உள்ளுறுப்பு மொத்தமும் குழிக்கு. நல்லதையும் ஒரு வாரத்துக்கு மேல் உறைய வைப்பது. அதோடு நாய்க்கு முறையாகப் புழு மருந்து. உறைய வைத்தால் புழுக்கட்டி சாகும், சால்மோனெல்லா சாகாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்று நிலைப்பாடு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாய் தாங்கிக்கொள்ளும். அது நக்கும் பிள்ளை தாங்காது. அக்கா மகள் வரும் வாரத்தில் டைகருக்கு முயல் கிடையாது.

உறைய வைக்க ஃபிரீசர் வேணுமே. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "சாமிக்குப் படைக்கிற பால வெக்கிற ஃபிரிஜ்லயா?" மாமா பழைய ஐஸ்கிரீம் ஃபிரீசர் ஒன்றைத் தேடி வாங்கினார்.

இதுவரை நாயின் பக்கம். முயலுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

முயல் குளிர்ப் பிரதேசத்துக்காரன். தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் ரக முயல்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். காரணம் மலைக் குளிர். எங்கள் ஜொகூரில் மத்தியானம் 32, 33 டிகிரி. முயலுக்கு வியர்க்காது. காதாலும் மூச்சாலும்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆண் முயலின் விந்து பலமிழந்து சில வாரங்களுக்குக் குட்டியே பிடிக்காது. மாமாவின் பழைய கூண்டு துத்தநாகக் கூரை போட்டது. நான் அதைக் கழற்றிவிட்டு நீப்பா ஓலை வேய்ந்தேன். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், மூன்று பக்கம் காற்றோட்டம், மத்தியானத்துக்கு உறைய வைத்த தண்ணீர் போத்தல். முயல்கள் அதன்மேல் சாய்ந்து படுக்கும்.

டைகர் முன்பெல்லாம் கூண்டுக்குக் கீழே படுத்துத் தூங்கும். முயல்களும் அதைக் கண்டுகொள்ளாது. நான்காவதோ ஐந்தாவதோ முயலைத் தின்ற பிறகு அது படுப்பதை நிறுத்தியது. நின்றுகொண்டு மேலே பார்க்கும். குரைக்காது, பாயாது. பார்க்கும், அவ்வளவுதான். தாய் முயல் பின்னங்காலால் பலகையைத் தட்டும். தட்டிக்கொண்டே இருக்கும். அந்த மாதம் அது ஈன்ற குட்டிகளைக் கூட்டுப் பெட்டிக்கு வெளியே தள்ளிவிட்டது. காலையில் பார்த்தபோது ஏழும் செத்துக் கிடந்தன. நாய்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. வெக்கையிலும் அப்படி நடப்பதுண்டு. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை கூண்டை வீட்டின் மறுபக்கம் மாற்றி, நடுவில் பலகைச் சுவர் எழுப்பினோம். காட்டில் முயலுக்கு வளை உண்டு. தன்னைத் தின்னும் மிருகத்தை இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் காட்டு முயலுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் சிப்பிப்பாறை, கன்னி என்ற நாய் ரகங்கள் உண்டு. முயலைத் துரத்திப் பிடிக்கவே பழக்கியவை. வில் மாதிரி உடம்பு, நீண்ட கால். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அங்கே முயல் வேட்டை குற்றம். அந்த முயலும் நம் கூண்டு முயலும் வேறு வேறு இனம், தமிழில்தான் இரண்டுக்கும் ஒரே சொல். வேட்டையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஓட்டத்தில் முயலுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பல நேரம் தப்பித்தும் போயிருக்கும். கூண்டில் வளரும் முயலுக்கு நாம்தான் தண்ணீர் போத்தல் வைக்கிறோம். நம் கையைக் கண்டால் அது ஓடுவதில்லை, பக்கத்தில் வருகிறது.

ரத்தம் மாற ஓர் ஆண் முயல் வேணும் என்று சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு மலாய்ப் பெரியவரிடம் போனோம். நியூசிலாந்து வெள்ளை ரகம், சத்தேக்காக வளர்க்கிறார். காஜாங் சத்தேக் கடைகளில் முயல் சத்தேயும் உண்டல்லவா, அந்த மாதிரி வியாபாரம். எதற்கு என்று கேட்டார். மாமா மறைக்கவில்லை. நாய்க்கு என்றார். எனக்குத்தான் உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த முயலின் காதைத் தடவிக்கொண்டே "சாயாங்" என்றார். மலாயில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்றும் பொருள், அடடா வீணாகிறதே என்றும் பொருள். நாயின் மீது எங்களுக்கு இருக்கும் பிரியத்தைச் சொன்னாரா, முயலுக்காக வருத்தப்பட்டாரா என்று காடியில் திரும்பி வரும்போது மாமாவைக் கேட்டேன். "ரெண்டும்தான்டா" என்றார். முயலைக் கொடுக்கும்போது பெரியவர் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: மற்ற முயல்கள் பார்க்கும் இடத்தில் அறுக்காதீர்கள்.

போன வருடம் வரை அறுத்தது மாமா. நான் போகும் நாளாக இருந்தால் "நீ போயி கூண்டக் கழுவு" என்று அனுப்பிவிடுவார். என் எக்செல் கணக்கில் அந்த வேலைக்கும் ஒரு வரி உண்டு: ஒரு முயலுக்கு 15 நிமிடம். அக்டோபரில் அவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆனது. குந்த முடியாது, குனிய முடியாது. மாமாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூவரும் வெளியூரில். கத்தி என்னிடம் வந்தது.

நாற்காலியைப் பின்வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தார். முதலில் கழுத்தை இழுத்து விலக்கணும். ஒரே இழுப்பு. கத்தி அதற்குப் பிறகுதான். மலேசியாவில் 2015 விலங்கு நலச் சட்டப்படி மிருகத்தை வதைத்தால் 20,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், மூன்றாண்டு வரை சிறை. மாமாவுக்குச் சட்டம் தெரியாது. "தயங்காத. நீ தயங்குனா அதுக்குத்தான் வலி" என்றார். முயலின் நெஞ்சு என் உள்ளங்கையில் இருந்தது. அந்தத் துடிப்பை எண்ண முடியாது, அவ்வளவு வேகம். அது கத்தவில்லை. நான் தயங்கவும் இல்லை. 15 நிமிடத்தில் முடிய வேண்டியது எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பெரும்பகுதி தோலுரிக்க. ஈரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. மாமா அந்த முயலின் எடையை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானம் அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டேன். அந்தக் கோழியை யாரோ அறுத்திருக்கிறார்கள். பாசாரில் அறுப்பவர் பங்களாதேஷ்காரராகவோ இந்தோனேசியராகவோ இருப்பார். பாக்கெட் தீனியில் இருக்கும் கறிக்கும் ஒருவர் நின்றிருப்பார். தாத்தா தலைமுறையில் அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தாமானுக்குக் குடிவந்து படித்து வேலைக்குப் போன நமக்கு, அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. நாய்க்குப் பச்சை இறைச்சி நல்லதா கெட்டதா என்று நண்பர்கள் கேட்டால் சுண்ணாம்பு, பாஸ்பரஸ், புழு எல்லாம் சொல்கிறேன். அவர்களே வளர்த்துப் போடப் போவதாகச் சொன்னால், யார் அறுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடுகிறது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வளத்த கையாலயேவா" என்று ஒரு தடவை சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது கணக்கு மட்டும்தான், அவர் கேட்டது அதை இல்லை. அதற்குப் பிறகு அம்மா கேட்பதில்லை. நான் லாயாங்-லாயாங் போய்த் திரும்பும் நாளில் குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்.

டைகருக்கு இப்போது வயது ஒன்பது. பல் தேய்ந்துவிட்டது, எலும்பை நசுக்கிக் கொடுக்கிறேன். டைகருக்கு அப்புறம் நாய் வேணாம் என்கிறார் மாமா. முயல்களை என்ன செய்வது என்று கேட்டால், அப்போது பார்க்கலாம் என்கிறார். கூண்டில் ஒன்பது இருக்கின்றன, அடுத்த ஈற்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மாமா சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமைக்குப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். வட்டத்துக்குள் என் பெயரின் முதலெழுத்து.